மருந்து ரூம் நடை

எம். புதுப்பட்டி
1-7-1956, ஞாயிறு

பிரியமுள்ள தங்கச்சி ஞானஜோதிக்கு அண்ணன் வேதமுத்து எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் மதினியும் சுகம். உன் சுகத்துக்கும் உன் மகன் இம்மானுவேல் சுகத்துக்கும் பதில் எழுது.

இதை நானே எழுதுகிறேன். இன்னொரு தரம் படி. நானே எழுதுகிறேன்! நீ கல்யாணமாகி டர்பனுக்குக் கப்பல் ஏறி இருபத்தாறு வருஷம். அத்தனை வருஷமும் நான் சொல்ல, வேறு யாரோ எழுதினார்கள். நான் பத்து விஷயம் சொன்னால் இரண்டுதான் காகிதத்தில் விழும். மற்றவை நேரில் என்று முடித்துவிடுவார்கள். நடுவில் சமுத்திரம் கிடக்கிறது, எங்கே நேரில்?

போன கார்த்திகையில் ஜெயசீலி டீச்சர் கோயில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வயதில் பலகையோடு போய் உட்கார்ந்தேன். உன் மதினி, "பாடையில ஏறப்போற வயசுல பலகையில எழுதுறீகளாக்கும்" என்றாள். எழுதிவிட்டேனே! இந்தக் காகிதத்துக்கு நாலு ஞாயிறு ஆயிற்று. டீச்சர் பிழையைத் திருத்த, நான் நல்லதாக மறுபடி எழுதினேன்.

நான் படித்தது எதற்கென்றால், பாட்டுப் புஸ்தகம் வாசிக்கத் தெரிந்தால்தான் கோயில் பாடகர் குழுவில் இடம் என்று மாசிலாமணி உபதேசியார் முன்பு சொல்லியிருந்தார். வாசித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். எவ்வளவு தேய்த்தாலும் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி போகாது. "ஓய், அந்தக் கையோட ஆர்மோனியப் பெட்டிகிட்ட வராதீரும். கட்டையெல்லாம் கெட்டுப்போகும். பெட்டி இல்லாம எவன் பாடுவான்? பின்னால போய் உக்காரும்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று முன்னால் நின்று பாட வேண்டும், ஜோதி. வேறு ஆசை இல்லை. நீ இருக்கிற ஊரில் பெட்டி இல்லாமல் யாராவது பாடுகிறார்களா? எழுது.

அன்புள்ள அண்ணன்,
வேதமுத்து


டர்பன்
17-7-1956

அன்புள்ள அண்ணனுக்கு, கர்த்தரின் சமாதானம் உண்டாவதாக. நானும் இம்மானுவேலும் நலம். மதினிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உறையின்மேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல் பிரித்தேன். ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்க்கிற நர்ஸுகள் எல்லாரும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். அழுதுகொண்டே சிரித்தால் வேறென்ன நினைப்பார்கள்? சின்ன வயதில் கூலி வேலைக்குப் போய் என்னைச் சாட்சியாபுரம் போர்டிங்கில் படிக்க வைத்தவர் நீங்கள். உங்கள் எழுத்தைப் பார்க்க எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது. மதினி சொன்னதைச் சட்டை செய்யாதீர்கள். எழுத்து கொஞ்சம் கோணல்தான், உங்கள் மூக்கு மாதிரி.

பெட்டி இல்லாமல் பாடுகிறார்களா என்று கேட்டீர்களே, நல்ல ஆளிடம் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி காயப்போடும் முற்றம் இருக்கிறது. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்கு வந்த ஆண்கள் தங்கும் ஹாஸ்டல். எல்லாரும் சூலு மக்கள், இந்த மண்ணின் ஜனங்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ஞாயிறு மத்தியானம் அங்கே பாட்டு நடக்கும். பெட்டி இல்லை, மேளம் இல்லை, ஒரு சலங்கைகூட இல்லை. ஒருவர் உயர எடுப்பார். மற்றவர்கள் அடியிலிருந்து வருவார்கள். நம் கண்மாய் மடையைத் திறந்தால் தண்ணீர் வருமுன்னே தரைக்குள் ஓர் உறுமல் கேட்குமே, அந்த மாதிரி அடி. நடுவில் ஆட்டமும் உண்டு. காலைத் தூக்கி ஓங்கி மிதிப்பார்கள். இந்தப் பக்கம் கொடியில் கிடக்கும் துணி ஆடும்.

மற்றவை நேரில் என்று எழுத மாட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுவேன்.

தங்கள் தங்கை,
ஞானஜோதி


எம். புதுப்பட்டி
5-8-1956, ஞாயிறு

பிரியமுள்ள ஜோதி, உன் சுகம் அறிந்து சந்தோஷம். மதினியின் மூட்டு வலிக்கிறது, வாய் வலிக்கவில்லை.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். மூன்று நாள் வாசித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் கம்பெனி ஆட்களுக்கும் வாசித்துக் காட்டினேன். மடை திறந்த உறுமல் என்ற இடம் வந்ததும் கருப்பணன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான். அவன் குரல் உனக்குத் தெரியாது. அவன் தும்மினால் ஆமத்தூரில் மாடு மிரளும். "மாமா, அது எங்க கோயிலும் இல்ல, எனக்குப் பாட்டும் தெரியாது. ஆனா அடியில உறுமணும்னா நான் வாரேன்" என்றான். மலையாண்டி கோயில் பூசாரி வீட்டுப் பிள்ளை அவன். சேசுராஜ் வருகிறான், அவன் ரோமான் சபை. சுந்தரபாண்டி வருகிறான். இப்படி எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம், எட்டுப் பேரும் மருந்து ரூம் ஆட்கள்.

உபதேசியாரிடம் போய், பெட்டி வேண்டாம், பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். "வாயால உறுமப் போறீகளா? சரி, கோயில் முற்றத்துல பந்தல் போடுவோம், அங்கன உறுமுங்க. நல்லா இல்லேன்னா அடுத்த வருஷம் கேக்கப்பிடாது" என்றார். அதனால் நல்லா இருக்க வேண்டும்!

இனி உன் வேலை. எப்படி நிற்கிறார்கள், வரிசையாகவா வட்டமாகவா? யார் முதலில்? முக்கியமாகக் கால். எந்தக் கால் முதலில், எத்தனை மிதி? பார்த்து எழுது. சீக்கிரம் எழுது.

அண்ணன்,
வேதமுத்து


டர்பன்
22-8-1956

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். அங்கே மழை உண்டா?

என் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள் ஒருவன் அந்தக் கூட்டத்தில் பாடுகிறான் என்று தெரிந்தது. உங்களுக்காக அவனைக் கேட்டேன். அவன் ஸ்ட்ரெச்சரை அப்படியே நிறுத்திவிட்டு, அதில் படுத்திருந்த நோயாளியையும் சேர்த்துக்கொண்டு பாடிக் காட்டினான். நாலு குரல். ஒருவர் முன்னால் எடுக்கிறவர், அவர் கேள்வி கேட்பது மாதிரி. அவருக்குமேல் ஒன்றிரண்டு பேர் மெல்லிய குரல். நடுவில் இரண்டு பேர். மிச்சம் எல்லாரும் அடிக்குரல். அடிக்குரல்தான் வீடு, மற்றதெல்லாம் ஜன்னல் என்று சொன்னான். பிறை மாதிரி வளைந்து நிற்பார்கள். கைக்கு வெள்ளை உறை போடுவார்கள், கை எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று.

நவம்பரில் அவர்களுக்குள் போட்டி. பல ஹாஸ்டல்காரர்கள் வருவார்கள், ஜெயித்தவர்களுக்கு ஓர் ஆடு. தீர்ப்புச் சொல்ல, பாடுகிறவர்களில் ஒருவரையும் தெரியாத ஆள்தான் வேண்டுமாம். தெரிந்தவன் என்றால் சாய்வான் அல்லவா? வழக்கமாகத் தெருவில் போகிற வெள்ளைக்காரர் யாரையாவது கூட்டி வருவார்களாம். இவன் என்னைப் பார்த்து, "சிஸ்டர், மூணு வருஷமா உங்க வார்டுல இருக்கேன், என் பேர் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "அப்போ நீங்கதான் ஜட்ஜ்" என்று சிரித்தான்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலி. காலைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதுதான், பார்த்ததில்லை. மன்னிக்கவும்.

தங்கை,
ஞானஜோதி


எம். புதுப்பட்டி
9-9-1956, ஞாயிறு

பிரியமுள்ள ஜோதி, உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய். சுகமாகிவிடும், சுகமாகியே தீர வேண்டும்.

அடிக்குரல் வந்துவிட்டது! கருப்பணனையும் இன்னும் மூன்று பேரையும் கண்மாய்க் கரையில் நிறுத்திப் பாட வைத்தேன். மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சேசுராஜ் மெல்லிய குரல். நான் முன்னால் எடுக்கிறவன். பாட்டையும் நானே கட்டினேன். மேய்ப்பர்கள் பெத்லகேமுக்கு நடந்து போகிற பாட்டு.

ஆனால் கால், ஜோதி! எங்களால் மிதிக்க முடியவில்லை. நீ சிரிப்பாய். எட்டு ஆம்பிளைகள் கண்மாய்க்குள் வரிசையாக நின்று ஓங்கி மிதிக்கப் பார்க்கிறோம். கால் மேலே போகிறது, பாதி வழியில் தானே நின்றுவிடுகிறது. அப்புறம் முட்டைமேல் வைப்பது மாதிரி மெதுவாக இறங்குகிறது. சுந்தரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு மிதி மிதித்தான். மிதித்ததும் ஏழு பேரும் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொண்டோம். "ஏலே, இது கண்மாய்லே, கம்பெனி இல்லலே" என்று கருப்பணன் கத்துகிறான், அவனும் தலையை மூடிக்கொண்டுதான் கத்துகிறான். மருந்து ரூமில் இத்தனை வருஷம் பழகிய கால், சொன்னால் கேட்குமா?

உன் மதினி கரையில் நின்று பார்த்துவிட்டு, "உறுமல் புலி மாதிரி, நடை கோழி மாதிரி" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். உபதேசியார் காதுக்கும் போய்விட்டது. இப்படியே பந்தலில் ஏறினால் ஊரே சிரிக்கும்.

நீ ஒரு தரம் போய்ப் பார். எப்படிக் காலை இறக்குகிறார்கள், அதில் ஏதோ சூட்சுமம் இருக்கும். உனக்கா முழங்கால் வலி? வைக்கோல் படப்பிலிருந்து குதித்தவள் நீ. அந்த ஆள் பெயரையும் கேட்டு எழுது. மூன்று வருஷமாக ஒருவன் பெயர் தெரியாமல் எப்படி வேலை வாங்குகிறாய்?

அண்ணன்,
வேதமுத்து


எம். புதுப்பட்டி
14-10-1956, ஞாயிறு

பிரியமுள்ள ஜோதி, சுகமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. ஐந்து வாரம். தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

இங்கே தீபாவளி சீசன். லாரி லாரியாக லோடு போகிறது, தலையைச் சொறிய நேரமில்லை. அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கையெழுத்தில் கோபம் தெரிந்ததா? எனக்கு இன்னும் நயமாக எழுத வராது. எழுது, ஜோதி.

அண்ணன்


டர்பன்
24-10-1956

அன்புள்ள அண்ணனுக்கு, உடம்பு சுகம். நீங்கள் ஒரு தப்பும் எழுதவில்லை.

இதை நீங்கள் மட்டும்தானே படிப்பீர்கள்? வேப்பமரத்தடியில் வாசிக்க வேண்டாம். இத்தனை வருஷமும் என் கடிதங்களை யாரோ ஒருவர் சத்தமாக வாசிக்க, நடுக்கூடத்தில் பத்துப் பேர் கேட்டார்கள். அப்படிப்பட்ட காகிதத்தில் இதை எழுத முடியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், காய்ச்சலில் இறந்தார் என்று நாற்பத்தொன்பதில் எழுதினேன். காய்ச்சலும் வந்தது. ஆனால் அந்த ஜனவரியில் இந்த ஊரில் நம் ஜனங்களுக்கும் சூலு ஜனங்களுக்கும் பெரிய கலவரம். எங்கள் மளிகைக் கடையைக் கொளுத்தினார்கள். கதவைப் பூட்டப் போனவர் தீக்காயத்தோடு வந்தார். என் வார்டிலேயே ஏழு நாள் கிடந்தார். பக்கத்துக் கட்டில்களில் போலீஸ் சுட்ட சூலு ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் நான்தான் கட்டுப் போட்டேன்.

கூட்டம் தெருவுக்குள் வருமுன் எனக்கு முதலில் கேட்டது காலடிச் சத்தம்தான் அண்ணா. தரை அதிர்ந்தது. கடையைக் கொளுத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லார் முகமும் அந்த முகம்தான். அதனால் நான் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஞாயிறு பாட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். அவ்வளவு அழகாக இருக்கிறது. மிதி தொடங்கினால் உள்ளே வந்துவிடுவேன்.

முழங்காலில் ஒன்றும் இல்லை. முற்றத்துச் சுவரில் இருக்கிற கதவைத் தாண்ட என்னால் முடியாது. உங்கள் ஆட்டத்துக்கு உதவ முடியாமல் போனது வருத்தம்.

தங்கை,
ஞானஜோதி


எம். புதுப்பட்டி
6-11-1956

என் ஜோதி, நான் மட்டும்தான் படித்தேன். படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்தேன். உன் மதினிக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்காகத் தனியாக ஜெபம் பண்ணினேன், ஏழு வருஷம் தாமதமாக.

நானும் ஒன்றை உனக்கு எழுத விடவில்லை. ஐம்பத்திரண்டு சித்திரையில் எங்கள் பக்கத்து ரூம் வெடித்தது. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட சோலைச்சாமி, ராக்காயி புருஷன், போய்விட்டான். யாரோ தகர டின்னைத் தரையில் இழுத்தார்கள் என்று சொன்னார்கள். எனக்கு முதுகெல்லாம் புண். உனக்கு எழுதச் சொன்னது, இங்கு யாவரும் நலம்.

நாற்பது நாள் வீட்டில் கிடந்தேன். முதுகு ஆறியபின்னும் கம்பெனி வாசல் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். அப்புறம் எப்படிப் போனேன் என்று கேள். மருந்து ரூம் வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. செருப்பை வெளியே விட்டு, அதில் கால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் உரசித் தீப்பொறி வரும். முதல் நாள் தொட்டிவரை போனேன், கால் கழுவினேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். போர்மேன், "என்னவே, கால் கழுவ மட்டும் வந்தீரா?" என்றான். ஆமாம் என்றேன். இரண்டாம் நாள் ஒரு கால் உள்ளே. மூன்றாம் நாள் இரண்டு கால். உள்ளே நடக்கிற விதம் உனக்குத் தெரியாது. இழுக்கக் கூடாது, ஊன்றக் கூடாது. தூக்க வேண்டும், முதலில் விரலை வைக்க வேண்டும், அப்புறம் குதிகால், மூச்சு விடுகிற மாதிரி. கால் வைத்தது தரைக்கே தெரியக் கூடாது. அப்படி நடந்து நடந்துதான் பயம் அடங்கிற்று. போய்விடவில்லை, அடங்கிற்று.

எங்கள் ஆட்டத்தை விடு. பாட்டு மட்டும் பாடிவிட்டு இறங்குகிறோம். நீ எனக்காகப் போக வேண்டாம். ஆனால் அழகாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். தொட்டிவரை போய்விட்டு வா, ஜோதி. அந்தக் கதவுவரை. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

அண்ணன்,
வேதமுத்து


டர்பன்
26-11-1956

அண்ணா! சுகமெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கதவுவரை போனேன். தொட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் கதவைத் திறந்து அந்தப் பக்கம் ஒரு கால். அங்கே உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர், "என்ன வேணும் சிஸ்டர்?" என்றார். "ஒன்றும் வேண்டாம், கால் வைக்க வந்தேன்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்புறம் ஸ்ட்ரெச்சர்காரனிடம் போய், ஜட்ஜ் கிடைத்துவிட்டாரா என்று கேட்டேன்.

நேற்று ஞாயிறு, ஆராதனை முடிந்து போனேன். ஹாஸ்டல் மாடியில் மரப்பலகைத் தரை போட்ட பெரிய ஹால். என்னை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து, கையில் பென்சில் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்கள். எழுந்து போகக் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முதல் கூட்டம் பாடிக்கொண்டே உள்ளே வந்தது, பளபளக்கும் சப்பாத்து, கோட்டு, வெள்ளைக் கையுறை. காலைத் தூக்கினார்கள். இதோ மிதிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை, அண்ணா.

கண்ணைத் திறந்தேன். தூக்கிய கால் மெதுவாக இறங்குகிறது. முதலில் விரல், அப்புறம் குதிகால். இழுக்கவில்லை, ஊன்றவில்லை. கால் வைத்தது பலகைக்கே தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கைகள் காற்றைத் தடவுகின்றன, எல்லாக் காலும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன, ஆனால் கேட்பது குரல் மட்டும். நீங்கள் எழுதியது அப்படியே என் முன்னால் நடந்தது! எட்டு மருந்து ரூம் ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி!

முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன், மிதிப்பீர்களே, அது எங்கே என்று. சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட மிதி வேறு கூட்டத்தாருடையதாம், முற்றத்து மண்ணில் ஆடுகிற ஊர் ஆட்டமாம். மாடியில் பலகைத் தரை, கீழே காவல்காரர். மிதித்தால் வந்து கத்துவார். அதனால் சத்தமில்லாமல் ஆடப் பழகினார்கள், பழகியதே புது ஆட்டமாகிவிட்டது. இப்போது யார் கால் அதிகமாகச் சத்தம் போடுகிறதோ அவர்களுக்கு மதிப்பெண் குறையும்!

ஆட்டைத் துறைமுகத்துக் கூட்டத்துக்குக் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சர்காரன் கூட்டத்தில் ஒரு கால் இரண்டு தரம் டொக்கென்றது. அவன் கோபப்படவில்லை. "அதுக்குத்தானே தெரியாத ஆளைக் கூப்பிடுறோம்" என்றான். அவன் பெயர் சிபூசோ. கேட்டுவிட்டேன்.

மிதிக்காதீர்கள் அண்ணா, உங்கள் நடையையே நடங்கள்! மதினிக்கு மூட்டு எப்படி?

ஞானஜோதி


எம். புதுப்பட்டி
27-12-1956

ஜோதி! சுகம், சுகம், எல்லாரும் சுகம்!

இதை எழுத இரண்டு நாள்தான் ஆயிற்று. கை தானே ஓடுகிறது.

உன் கடிதத்தில் சத்தமே வரவில்லை என்ற இடத்தை வாசித்ததும் கருப்பணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். இரண்டு வாரம் பழகினோம். பழக என்ன இருக்கிறது, தினமும் நடக்கிற நடை! பிறையாக நின்று ஒன்றாகத் திரும்பக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் கோயில் முற்றத்தில் பந்தல், இரண்டு பெட்ரோமாக்ஸ், ஊரே கூடியிருந்தது. எட்டுப் பேரும் வெள்ளை வேட்டி. கையுறை எங்களுக்கு எதற்கு? கையில்தான் வெள்ளி இருக்கிறதே, வெளிச்சத்தில் மின்னிற்று. மேடை ஓரத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்து, ஒவ்வொருவராகக் கால் கழுவி ஏறினோம். உபதேசியார் பதறிப்போய், "ஓய், சீஷர் கால் கழுவுறது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குல்லா வரும், இன்னைக்கு எதுக்கு?" என்றார். கம்பெனி ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நான் எடுத்தேன்.

மேய்ப்பரே, மேய்ப்பரே, எங்கன போறீக?

அடியிலிருந்து உறுமல் வந்தது. பந்தல் ஓலை நடுங்கிற்று.

பெத்லகேம் போறோம், மெல்லப் போறோம்.

ஏன் மெல்லப் போறீக?

பிள்ளை உறங்குது, காலைத் தூக்கி வைங்க.

வைத்தோம், ஜோதி. பதினாறு கால், ஒரு சத்தம் இல்லை. கைப்பிள்ளைகள்கூட அழவில்லை. சாய்ந்தோம், திரும்பினோம், மேடையில் ஜோடித்திருந்த தொழுவத்தைச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கருப்பணன் ஒருவன் மட்டும், பூனை வயிற்றுக்குள் கேட்குமே அந்த அளவுக்கு. அப்புறம் அதுவும் இல்லை.

யாரும் கைதட்டவில்லை. பிள்ளை எழுந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு ஒரே ஆரவாரம், இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று! மூன்று தரம் பாடினோம். இறங்கும்போது ராக்காயி முன்னால் வந்து நின்றாள். சோலைச்சாமி போனபின் அவள் கம்பெனி ஆட்களோடு பேசுவதில்லை. மருந்து ரூமுக்குள் வீட்டுப் பெண்கள் யாரும் வந்ததில்லை. "அண்ணாச்சி, உள்ள இப்படியா நடப்பீக? அவுகளும் இப்படித்தான் நடந்தாகளா?" என்றாள். இப்படித்தான் தாயி, எங்களைவிட நன்றாக என்றேன். "அழகா இருக்கு" என்றாள். கருப்பணன் அவ்வளவு பெரிய ஆள், பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

உபதேசியார் வந்து, "அடுத்த வருஷம் பெட்டியையும் சேத்துக்கிடலாமே" என்றார். "பெட்டிக்குக் கால் இருக்கா உபதேசியாரே, கழுவிட்டு ஏற?" என்றேன்.

உன் மதினி இப்போது கோழி என்று சொல்வதில்லை. சிபூசோவுக்கு எங்கள் எட்டுப் பேர் சலாம் சொல். மற்றவர்கள் பெயர் என்ன?

அண்ணன்,
வேதமுத்து


டர்பன்
24-6-1957

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். உங்கள் மார்ச், மே மாதக் கடிதங்கள் கிடைத்தன. காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி.

உங்கள் கிறிஸ்துமஸ் கடிதத்தை இங்கே எத்தனை தரம் வாசித்துவிட்டேன் தெரியுமா? ஞாயிறு மத்தியானம் அங்கே போனால், "சிஸ்டர், அண்டாவில் கால் கழுவுற இடம்" என்று கேட்பார்கள். நான் அவர்கள் பாஷையில் தட்டுத் தடுமாறிச் சொல்வேன். உபதேசியார் பதறுவதை ஜபுலானி என்னைவிட நன்றாக நடித்துக் காட்டுவான். இம்மானுவேல் முதலில் வேண்டாம் என்றான். இப்போது அவனே என்னைக் கொண்டுவந்து விடுகிறான், உள்ளே இன்னும் வரவில்லை. வாசல்வரை வருகிறான். நான் வற்புறுத்தவில்லை. தொட்டிவரைதானே முதலில்.

நேற்று இந்த வருஷத்துப் போட்டி, நவம்பர்வரை காத்திராமல் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். நான் காலையிலேயே நல்ல சேலை கட்டி, பென்சில் சீவி எடுத்துக்கொண்டு போனேன். சிபூசோ மாடிப்படியில் வழி மறித்தான். "எங்க போறீங்க சிஸ்டர்?" என்றான். தீர்ப்புச் சொல்ல என்றேன். "நீங்க ஆக மாட்டீங்க" என்றான். ஏன், போன தடவை சரியாகச் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவன் திரும்பி, படியில் நின்றவர்களைக் காட்டி, "இவன் யாரு?" என்றான். தெம்பா என்றேன். "இவன்?" டுமிசானி, அவன் பெண்ணுக்குப் போன மாதம்தான் அம்மை இறங்கிற்று என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "பாத்தீங்களா? போச்சு. இனிமே எப்பவுமே முடியாது" என்றான் சிபூசோ.

தெருவில் வழி தப்பி நின்ற ஒரு கப்பல்காரரைப் பிடித்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் சுவரோரத்து பெஞ்சில், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

இந்தத் தடவை ஆடு எங்களுக்கு!

பெயர்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கை,
ஞானஜோதி


எம். புதுப்பட்டி
14-7-1957, ஞாயிறு

பிரியமுள்ள ஜோதிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். உனக்கு அந்த ஜட்ஜ் வேலை போய்விட்டது என்று வாசித்ததும் கோயில் மணியை அடித்துவிட்டு வந்தேன். எதற்கு அடித்தேன் என்று உபதேசியாருக்கு இன்னும் தெரியாது. ஆட்டுக்கறியில் உனக்குப் பங்கு வந்ததா? எந்தப் பாகம்?

அதிகம் எழுத இன்று நேரமில்லை, கண்மாயில் பழக்கம் இருக்கிறது. தனித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு இதை மட்டும் நிதானமாக எழுதுகிறேன். உன் சுகமும், இம்மானுவேல் சுகமும், சிபூசோ சுகமும், ஜபுலானி சுகமும், தெம்பா சுகமும், டுமிசானி சுகமும் அவன் பெண் சுகமும், வூசி சுகமும், சோலானி சுகமும், பேகி சுகமும், மூசா சுகமும் அறிய ஆவல். ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் பதில் எழுது.